பலாப்பழத்தைப் போல் தட்டிப் பார்த்த மெசின்

தம்பி ராசு,

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில், சாமான் கடை நானாவின் மேசையில் கிடந்த இரண்டு புல் வெட்டுகிற மெசினையும் நான் விரலால் தட்டிப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா. சிவப்பை மூன்று தட்டு, மஞ்சளை இரண்டு தட்டு. பிறகு சிவப்பின்மேல் காதை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, "இதுதான் தம்பி, இத எடு" என்று சொன்னேன். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "எங்கப்பா சொன்னா சரி நானா, அதக் கட்டி வைங்க, அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கிறேன்" என்றாய். கடைக்கார நானா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அண்ணே, பலாப்பழத்த இப்படித்தான் தட்டுவாங்க" என்றார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அந்தத் தட்டுக்கு எனக்கு ஒரு அர்த்தமும் தெரியாது. காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஓடாத மெசினில் என்ன கேட்கும். சிவப்பை ஏன் எடுக்கச் சொன்னேன் என்றால், அதன் பளபளப்பில் என் முகம் தெரிந்தது. மீசை நன்றாக இருந்தது.

இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி முட்டி முட்டியாகத்தான் இருக்கும். மருமகள் தனத்தை வாசிக்கச் சொல்லிக் கேள். அவள் எதையும் கடைசிப் பக்கத்தில் இருந்து தொடங்குகிற பிள்ளை, எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல். எந்த மெசினை எடுக்க வேண்டும் என்று எழுதத்தான் போகிறேன், ஆனால் வரிசையாக வந்தால்தான் விளங்கும். நீ வீடு பார்க்க ஹாலிஎலயில் மாமனார் வீட்டில் தங்கியிருக்கிறாய். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. நாளைக் காலையில் ஹாலிஎல வழியாகப் பதுளைக்குப் போகிற காய்கறி லொறியில் கொடுத்து அனுப்புகிறேன்.

வேறு சாமானாக இருந்தால் இந்த எழுத்து வேலை எனக்கு எதற்கு. அப்பனை நம்பி ஒரு வாளி வாங்கி அது ஒழுகினால் நாலு நாள் என்னைத் திட்டிவிட்டு விட்டுவிடுவாய். இது அப்படி இல்லை. இந்த மாதக் கடைசியில் நீ தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் இருந்து உன் பெயரை வெட்டச் சொல்லப் போகிறாய். பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். மறு வாரமே வேறு ஒரு குடும்பம் அதில் அடுப்பு மூட்டிவிடும். திரும்பி வந்து கேட்க முடியாது. பள்ளிக்கூட மைதானம், கோயில் வளவு, சவம் புதைக்கிற சவக்காலை என்று மூன்று இடத்தில் புல் வெட்டித் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாய். அந்த மூன்றும், நீயும், தனமும், அவள் வயிற்றில் இருப்பதும் ஒரே ஒரு மெசினை நம்பி நிற்கிறீர்கள். அந்த மெசினை உன் அப்பன் பலாப்பழம் மாதிரி தட்டி எடுத்திருக்கிறான்.

நான் ஏன் தெரியாது என்று சொல்லவில்லை? அதற்கும் காரணம் இருக்கிறது. பூனாகலைப் பக்கத்திலேயே முதல்முதலாக நூல் மெசினைத் தோளில் மாட்டிய ஆள் நான்தான் என்று ஐந்து வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாருக்கும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். உன் தாத்தா, நான், நீ, மூன்று பேரும் பெரட்டுக் களத்தில் காலையில் வரிசையாக நின்று, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டதும் "ஐயா" என்று குரல் கொடுத்தவர்கள். குளிரோ மழையோ, பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு நாம் இருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த மாதம் முதலாம் தேதி காலையில் உன் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நீயாக எழும்பி, நீயாக மெசினைத் தூக்கிக்கொண்டு போவாய். இதை நினைத்தால் எனக்கு ராத்திரித் தூக்கம் வருவதில்லை. பயம் என்று உங்கம்மா சொல்கிறாள். பயம் இல்லை. முதல்முதலாக ரயிலைப் பார்த்த அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் தூக்கம் வரவில்லை.

சரி, மெசினுக்கு வருகிறேன். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த காலம். நம் தோட்டத்துத் துரை கொழும்புக்குப் போய்வந்தபோது ஜீப்பில் ஒரு நீளப் பெட்டி வந்தது. பங்களாத் தோட்டத்தில் அப்போது நாங்கள் நான்கு பேர். பங்களா முன்னால் இருக்கிற அந்தச் சரிவை நீ பார்த்திருக்கிறாய். மேலிருந்து கேட் வரைக்கும் கல் படிக்கட்டு, இரண்டு பக்கமும் புல். அந்தப் படிகளின் இடுக்கில் முளைக்கிற புல்தான் எங்களுக்கு எமன். கத்தியை விட்டால் கல்லில் பட்டு வாய் போகும். குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்க வேண்டும். மேல் படியில் தொடங்கிக் கேட்டுக்கு வரும்போது மேல் படியில் மறுபடி முளைத்திருக்கும். துரை பெட்டியைத் திறந்தார். ஒரு குழாய், ஒரு முனையில் எஞ்சின், மறு முனையில் தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு தலை. அந்தத் தலையில் இருந்து ஒரு சாண் நைலோன் நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

"கத்தி தனியா வருங்களா தொரை?" என்று கேட்டேன்.

"இதுதான் கத்தி" என்றார்.

நான் அந்த நூலைத் தொட்டேன். வளைந்தது. விட்டேன், நிமிர்ந்தது. என் பின்னால் நின்ற மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு, "நல்ல கத்திங்க, ரெண்டு கொய்யாப்பழம் கட்டித் தொங்கவிடலாம்" என்றேன். துரை எஞ்சின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

தம்பி, அதற்குப் பிறகு பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எஞ்சின் சத்தம் பெரிய விசயம் இல்லை, ஃபெக்டரிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நூல் காணாமல் போய்விட்டது. கண் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த நூல் இல்லை. அது இருந்த இடத்தில், மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி, ஒரு மங்கலான வட்டம் மட்டும் நின்றது. துரை அந்த வட்டத்தைப் புல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொட்ட மாதிரியே தெரியவில்லை, புல் படுத்துவிட்டது. முழங்கால் உயரப் புல் கும்பிட்டு விழுகிறது. பிறகு படிக்கட்டுக்கு வந்தார். நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன், நெருப்புப் பறக்கும் என்று. கல்லில் பட்டது, டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புல் போய்விட்டது, கல் அப்படியே இருந்தது. எங்கள் நாலு பேருக்கும் முழு நாள் எடுக்கிற படிக்கட்டு, துரையின் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. அவர் மெசினை நிறுத்தினார். வட்டம் போய் மறுபடி நூல் வந்தது. நான் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். வளைந்தது.

நம் காளி கோயில் பூசாரியை உனக்குத் தெரியும். வீட்டில் பெண்சாதி சத்தம் போட்டால் மூலையில் போய் ஒதுங்குகிற மனுசன். உடுக்கை அடித்துச் சாமி வந்ததும் இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்க மாட்டார். சாமி இறங்கியதும் தண்ணி கேட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த நூலும் அப்படித்தான். ஓடும்போது அந்தத் திடம் எங்கிருந்து வருகிறது, நின்றதும் எங்கே போகிறது? ஐந்து வருசம் ஆகிவிட்டது, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குப் பின்னேரம் தனியாக இருக்கும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மெசினைக் கும்பிட்டேன். இதை உங்கம்மாவிடம் சொல்லாதே.

கும்பிட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வருசம் ஆயுத பூசை வந்தது. பங்களாச் சாமான் கொட்டகையில் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, சுரண்டி எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, நடுவில் நூல் மெசினை உட்கார வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டுச் சந்தனம். மெசினுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ண எனக்கு மனசு வரவில்லை. எஞ்சினின் பக்கத்தில் சின்னதாகக் கீறல் கீறலாக ஒரு இடம் இருந்தது. பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது, மூன்று கோடு வேறு இழுத்திருந்தது. விபூதிக்கென்றே செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விபூதியைக் குழைத்துப் பூசி, அதன்மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தேன். அழகென்றால் அப்படி ஒரு அழகு.

மறுநாள் காலையில் கயிற்றை இழுத்தேன். இரண்டு இருமல் இருமி நின்றது. தோள்மூட்டு வீங்கும் வரைக்கும் இழுத்தேன். கடைசியில் துரை அதைப் பண்டாரவளைக் கராஜுக்கு அனுப்பினார், நானும் கூடப் போனேன். மெக்கானிக் மூடியைக் கழற்றினான், மூக்கைச் சுளித்தான், மறுபடி மோந்து பார்த்தான்.

"இது என்ன பெற்றோல் அண்ணே, சந்தனம் மணக்குது?"

"பூசைக்கு வச்சது தம்பி."

"அதுக்கு மூக்க அடச்சா வைப்பாங்க? இதால தான் இது மூச்சு விடுது."

எனக்கு அது பெரிய சேதியாக இருந்தது. மெசின் மூச்சு விடும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆகவே ராசு, மெசின் வாங்கும்போது முதலில் அதன் மூக்கைப் பார். மூடியைக் கையால் திருகிக் கழற்ற முடிகிறதா, உள்ளே இருக்கிற பஞ்சை எடுத்துக் கழுவ முடிகிறதா என்று பார். அதற்கு ஒரு ஸ்பேனர் சாவியும் ஒரு மெக்கானிக்கும் வேண்டுமென்றால் அந்த மெசின் உனக்கு வேண்டாம். நீ வெட்டப்போவது சவக்காலைப் புல், தூசியும் காய்ந்த விதையும் பறக்கும், நாளுக்கு இரண்டு தரம் மூக்கைச் சிந்திவிட வேண்டி வரும். பொட்டு வைக்கிறதாக இருந்தால் கைப்பிடியில் வை. இது துரை எனக்குச் சொன்னது.

இதுவரைக்கும் எழுதியது சிரிக்கிற விசயம். இனி வருவதைத் தனம் வாசிக்கும்போது கொஞ்சம் மெதுவாக வாசிக்கட்டும்.

துரைசாணி பிபிலையில் இருந்து ஒரு ஆரஞ்சுத் தோடங்கன்று கொண்டுவந்து படிக்கட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார். இந்தக் குளிரில் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அது வந்தது. அந்த அம்மா தினமும் காலையில் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இலையைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாள் நான் அதைச் சுற்றிப் புல் வெட்டினேன். கல்லை ஒன்றும் செய்யாத நூல் கன்றை என்ன செய்யும் என்ற நினைப்பு. ஒட்டி ஒட்டி, வட்டமாக, மிச்சம் இல்லாமல் வெட்டினேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கணுக்கால் உயரத்தில் கன்றின் பட்டை சுற்றிவர இல்லை. உள்ளே வெள்ளையாக, ஈரமாக, எலும்பு மாதிரி தெரிந்தது. கல்லை விட்டுவைத்த நூல், பட்டையை உரித்துவிட்டது. எதை விட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று அந்த நூலுக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன், தம்பி. அதற்கு ஒன்றும் தெரியாது. கல் கெட்டியாக இருந்ததால் தப்பியது, அவ்வளவுதான்.

நான் புல்லை அள்ளிக் காயத்தின்மேல் போட்டு மூடினேன். பத்துப் பதினைந்து நாளில் இலை மஞ்சளாகிக் கொட்டியது. துரைசாணி புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யார் செஞ்சது இது?"

"ஆடு கடிச்சிருக்கும்ங்க அம்மா" என்றேன்.

நம் லயத்தில் அப்போது ஒரே ஒரு ஆடுதான். பக்கத்துக் காம்பரா பார்வதி அக்காவின் வெள்ளச்சி. நீ மஞ்சள் காமாலையில் கிடந்த மாதம் முழுக்க உனக்குப் பால் கொடுத்த ஆடு. மறுநாளே கணக்கப்பிள்ளை வந்து, ஆட்டை வைத்திருக்கக் கூடாது, விற்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். பார்வதி அக்கா அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனதை நீயும் பார்த்தாய். "எப்பா, வெள்ளச்சி பங்களாப் பக்கமே போனதில்லையே" என்று என்னிடம் சொன்னாய். நான், "ஆட்ட நம்ப முடியாதுடா" என்றேன்.

அந்த ஆட்டைச் சொன்ன வாயால்தான் போன ஞாயிற்றுக்கிழமை சிவப்பை எடு என்றும் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அது எனக்கு உறைத்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வதும், செய்ததைச் செய்யவில்லை என்று சொல்வதும் என் வாய்க்கு ஒரே மாதிரி சுலபமாக வருகிறது. அப்போது ஒரு ஆடு போனது. இப்போது போகப்போவது உன் காம்பரா.

முதலில் பார்வதி அக்காவிடம் போனேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"ஆடு உரிச்சா பட்ட கிழிஞ்சு தொங்கும். அந்தக் கன்ன நானும் போய்ப் பாத்தேன். வளவி போட்ட மாதிரி அளவா இருந்துச்சு. என் வெள்ளச்சி என்ன, அளவெடுத்தா கடிக்கும்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"ஒனக்கும் ரெண்டு புள்ளைங்க இருந்துச்சு. வேல போயிருந்தா என்ன செஞ்சிருப்ப? நீயா ஒரு நாள் வந்து சொல்லுவன்னு நெனச்சேன். இவ்வளவு நாள் எடுப்பன்னு நெனைக்கல." பிறகு கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே, "நின்னுக்கிட்டே இருக்கியே, ஒக்காந்து கீரைய ஆய்" என்றாள்.

நான் உட்கார்ந்து ஆய்ந்தேன். நூலைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். ஐந்து வருசமாகச் சுவருக்கு அந்தப் பக்கம், தினமும் என் பெண்சாதியோடு பேசிச் சிரித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்த அந்தப் பொம்பளையை அதுவரைக்கும் நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. துரைக்கு மாற்றலாகித் துரைசாணியும் கூடப் போய்விட்டார், அவரிடம் சொல்ல வழி இல்லை. அந்தப் பாரம் என்னோடு இருக்கட்டும். நீ கால் ஊன்றின பிறகு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி அனுப்பு. உன் கடன் இல்லை, என்னுடையது. ஆனாலும் அந்த ஆட்டுப் பாலைக் குடித்தவன் நீ.

அடுத்தது நானா. நேற்று வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பண்டாரவளைக்குப் போனேன். கடைக்குள் நுழைந்ததும், "வாங்க அண்ணே, இன்னிக்கும் தட்டவா வந்தீங்க?" என்று கேட்டார். "இல்ல நானா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டையும் ஓட்டிப் பாத்துத்தான் சொல்லணும்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் அந்த மனுசன் முகமே மாறிவிட்டது. இரண்டு மெசினையும் கடைக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்கு அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பெற்றோலில் ஒயிலை அளந்து ஊற்றிக் குலுக்கினார். அந்த அளவை அவரிடம் கேட்டு உன் போத்தலில் ஆணியால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள். கண் அளவில் ஊற்றாதே.

இரண்டும் முதலில் நன்றாகத்தான் கிளம்பின. குளிர்ந்து கிடக்கிற மெசின் எல்லாமே நல்ல பிள்ளைதான். நான் இரண்டையும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே நிறுத்தி, மறுபடி இழுத்தேன். அங்கேதான் சங்கதி வெளியே வந்தது. சிவப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழு தரம் இழுத்தேன், நானா ஐந்து தரம் இழுத்தார், ஆறினால்தான் வருவேன் என்று இருந்துவிட்டது. மஞ்சள் ஒரே இழுப்பில் வந்தது. மைதானத்தின் நடுவில் பெற்றோல் முடிந்து ஊற்றிவிட்டு மறுபடி இழுக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பெரிய மாஸ்டர் வராந்தாவில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது முகத்தைத் திருப்புகிற மெசின் உனக்கு எதற்கு.

சிவப்பு ஆறின பிறகு ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கினேன். சிவப்பு பாரம் இல்லை, ஆனால் அதன் குழாய் வளைந்த குழாய். சரிவில் அதோடு நாமும் வளைய வேண்டியிருக்கிறது. உன் உயரத்துக்கு மாலைக்குள் இடுப்பு போய்விடும். அதன் அதிர்வில் கையும் விறைத்துப்போனது, நானா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். மஞ்சள் பாரம்தான், குழாய் நேராக, முரட்டுத்தனமாக இருக்கிறது, முகம் பார்க்க முடியாது. ஆனால் மாட்டிக்கொண்டால் இடுப்பில் தூங்குகிற பிள்ளை மாதிரி சரியாக விழுகிறது. அதன் மூக்கு மூடி கையால் திருகினால் வருகிறது. நூலும் பிளக்கும் கடையிலேயே இருக்கிறதா என்று கேட்டேன். மஞ்சளுக்கு இருந்தது. சிவப்புக்கு, "கொழும்புக்கு எழுதினா வரும் அண்ணே" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். நானா வானத்தைப் பார்த்தார்.

ஆக, மஞ்சளை எடு. தனம் இந்த இடத்துக்குத்தான் முதலில் தாவியிருப்பாள் என்றால், மரியாதையாக முதல் பக்கத்துக்குப் போகச் சொல்.

கன்றுகளுக்குப் பக்கத்தில் மெசினைக் கொண்டுபோகாதே. ஒரு முழம் விட்டுக் கையால் பிடுங்கு. நூல் முடிந்தால் கம்பி கட்டி ஓட்டாதே. வேலைக்குக் கால்சட்டை போட்டுக்கொண்டு போ. மெசின் தலைக்கு மேலே மாட்டுகிற தகடு ஒன்று இருக்கிறது, நம் காலுக்கும் நூலுக்கும் நடுவில் நிற்கிறது. அது இல்லாமல் கயிற்றைத் தொடாதே. மஞ்சளின் தகடு நேற்றுப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மாட்டட்டுமா என்று நானா கேட்டார். இரண்டு நிமிச வேலைக்கு அது எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

நான் கட்டியிருந்தது தீபாவளிக்கு நீ எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சாரம். மேட்டில் இருந்து இறங்கும்போது காற்று அடித்தது. நூல் சாரத்தின் நுனியைப் பிடித்தது, பிறகு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. மெசின் தலை சுற்றுவது நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, நானா ஓடி வந்து சுவிட்சை அமர்த்தும் வரைக்கும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மெசின். வாளி வாங்க வந்த இரண்டு பெண்கள் கடையின் பின்கதவில் நின்றார்கள். நானா ஆணி வந்த சாக்கு ஒன்றைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு பூனாகலை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மூட்டைக்குத் தனியாக டிக்கெட் எடுக்கச் சொன்னான். மூட்டை இல்லை, உடுத்தியிருக்கிறேன் என்றேன். சாக்கு சாக்குதான் என்று இரண்டு டிக்கெட் கிழித்தான். நான் நின்றுகொண்டே வந்தேன், சாக்கில் ஒரு ஆணி மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிறையப் பெட்டி இருக்கும், மஞ்சளிலும் இரண்டு மூன்று இருக்கும். நான் ஓட்டிப் பார்த்ததையே கேட்டு வாங்கு. பெட்டியைத் திறந்து மெசின் தலையைப் பார். நீலத் துணி சுற்றியிருப்பதுதான் உன்னுடையது.

இப்படிக்கு,
அப்பா